மேடா, பள்ளமா

அந்தக் கண் மருத்துவமனையில் எல்லோரும் அவளை 'அசையாதேக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் கழுத்தில் தொங்கிய அட்டையில் மட்டும் இருந்தது. அந்த அட்டையும் பெரும்பாலும் திரும்பியே கிடக்கும். காலையிலிருந்து இருட்டறையில் உட்கார்ந்து, "பச்சைப் புள்ளியைப் பாருங்க, அசையாதீங்க, கண்ணை நல்லாத் திறங்க, அசையாதீங்க" என்று சொல்வதே அவள் பிழைப்பு. வீட்டில் பால் பொங்கினால்கூட அடுப்பை அணைக்க மாட்டா, அசையாதேன்னு சொல்லிட்டு நிப்பா என்று அவள் வீட்டுக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அவள் படம் பிடிப்பது முகத்தை அல்ல, கண்ணின் பின்சுவரை. பார்வை நரம்பு கண்ணுக்குள் தலைநீட்டும் இடத்தில் ஒரு சின்ன வட்டம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அதை டிஸ்க் என்பார்கள். வட்டத்தின் நடுவில் ஒரு பள்ளம், சுற்றிலும் ஒரு விளிம்பு. பள்ளம் சின்னதாகவும் விளிம்பு தடித்தும் இருந்தால் கவலையில்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறினால் பள்ளம் விரிந்துகொண்டே போய் விளிம்பைத் தின்னும். வலிக்காது, சிவக்காது, ஆளுக்கே தெரியாது. ஓரப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் களவு போயிருக்கும். போனது போனதுதான்.

எவ்வளவு ஆழம் என்பதை ஒற்றைப் படம் காட்டிக்கொடுக்காது. அதனால் கேமராவைக் கண்மணியின் இடது ஓரத்தில் வைத்து ஒன்று, மயிரிழை வலப்பக்கம் நகர்த்தி இன்னொன்று என்று இரண்டு எடுக்க வேண்டும். நமக்கு இரண்டு கண் இருப்பதுபோல அந்த டிஸ்க்குக்கு இரண்டு படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குட்டிக் கால்கள் வைத்த இரட்டைக் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தால், சட்டென்று ஒன்றோடு ஒன்று சேர்ந்து பள்ளம் பள்ளமாகவே கீழே இறங்கும்.

இறங்குமாம். அவள் பார்த்ததில்லை.

பிறவியிலேயே அவளுக்கு இடது கண் சோம்பேறிக் கண். சின்ன வயதில் நல்ல கண்ணுக்கு ஒட்டுப் போட்டு, சோம்பேறியை வேலை வாங்கப் பார்த்தார்கள். ஒட்டைப் பிய்த்து மேசைக்கு அடியில் ஒட்டிவிட்டு விளையாடப் போய்விடுவாள். அப்புறம் அந்தக் கண் திருந்தவே இல்லை. பந்து மூக்கில் வந்து விழுந்த பிறகுதான் அது பக்கத்தில் வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும். "அரைக்கண்ணி" என்று தம்பி கத்திக்கொண்டு ஓடுவான். துரத்திப் போய் அடிப்பாள். அந்த அடியும் பாதி நேரம் காற்றில்தான் விழும்.

ஆழம் தெரியாத ஒருத்தி ஆழத்தைப் படம் பிடிக்கிறாள் என்பது ஆஸ்பத்திரியில் ஊரறிந்த சங்கதி. முன்னே கேமராவில் இருந்தவர் வெளிநாடு போனபோது, வரவேற்பு மேசையில் இருந்த இவள் அந்த வேலையைக் கேட்டாள். அப்போதே டாக்டரம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். டாக்டரம்மா சிரித்தார். "அதுவும் நல்லதுதான். படத்தைப் பார்த்துட்டு வெளியில போய் நீயா ஒரு வைத்தியம் சொல்ல மாட்டே."

பார்க்க முடியாததால் அவள் ஒழுங்கைப் பிடித்துக்கொண்டாள். எப்போதும் முதலில் இடது, பிறகு வலது. மெஷினுக்கும் அதே பாடம்தான் தெரியும்: முதலில் வந்ததை இடப்பக்கம் வைக்கும், அடுத்ததை வலப்பக்கம். இந்த வரிசை மாறிப்போனால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும்; பள்ளம் மேடாகிவிடும், விளிம்பு தாழ்ந்துவிடும். அதனால் யாராவது நடுவில் கண்ணைச் சிமிட்டிவிட்டால், சிமிட்டின படத்தை மட்டும் அழிக்க மாட்டாள். எடுத்த எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கையை மறுபடி இடப்பக்கம் கொண்டுபோய், முதலிலிருந்து தொடங்குவாள். மற்றவர்கள் ஒரு பார்வை பார்த்துத் தெரிந்துகொள்வதை அவள் பழக்கத்தால் காப்பாற்றி வந்தாள்.

வேலையைக் கேட்டு வாங்கியதற்கு அப்பா ஒரு காரணம். அவர் கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்ளத் தொடங்கியபோது, "எங்க புத்தியை வச்சுட்டு நடக்கறீங்க" என்று அம்மா திட்டினாள். அப்புறம் மேசை விளிம்பு, அப்புறம் எதிரே வருகிற மனிதர்கள். கண் அழுத்தம் என்று கண்டுபிடித்தபோது அவருக்கு ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் கொஞ்சம் மட்டுமே மிச்சம். கடைசியில் அதுவும் இல்லை. இது குடும்பத்தில் தொடர்கிற நோய். அவள் தன் கண்ணை ஆண்டுக்கொரு முறை காட்டிவிடுவாள். அழுத்தம் சரியாகவே இருந்தது. தம்பிதான் சிக்க மாட்டான்.

அவனுக்கும் துறைமுகத்தில் ஒரு பட்டப்பெயர் உண்டு, பருந்து. வீட்டுக்கு வந்து சேர வேண்டிய ஆழம் முழுவதையும் அவனே வாரிக்கொண்டு போய்விட்டான் என்று அம்மா சொல்வாள். கிரேனின் உச்சியில், கண்ணாடித் தரை போட்ட கூண்டில் உட்கார்ந்து, கீழே தீப்பெட்டியாகத் தெரியும் லாரியின் மேல் கன்டெய்னரைச் சத்தம் வராமல் இறக்குவான். "வா, ஒரு படம் எடுத்துடலாம்" என்று அக்கா கூப்பிடும்போதெல்லாம், "என் கண்ணைப் பார்த்து நீ என்ன கத்துக்கப் போறே?" என்று நழுவிவிடுவான்.

அன்றைக்கு அவனாகவே வந்து நின்றான். சனிக்கிழமை, அரை நாள் வேலை. மற்றவர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"என்னடா அதிசயம்?"

"சூப்பர்வைசர் அனுப்பினாரு. கண்ணைக் காட்டிட்டு வந்து மேல ஏறுன்னுட்டாரு."

"ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. ஒரு பெட்டி லாரி ஓரத்துல உட்கார்ந்துடுச்சு. காத்துக்கா. காத்தடிச்சா நான் என்ன பண்ணுவேன்?"

"இதுதான் முதல் தடவையா?"

அவன் சுவரில் இருந்த எழுத்துப் பலகையை, கடைசி வரி வரைக்கும், ஒப்பிப்பதுபோல வாசித்துக் காட்டினான். அது அவளைச் சமாதானப்படுத்தவில்லை. நேரே பார்க்கும் பார்வை கடைசியில்தான் போகும் என்று அவளுக்குத் தெரியும்.

அழுத்தம் பார்க்கும் பெண் போகிற அவசரத்தில் பார்த்துவிட்டு, கொஞ்சம் கூடத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போனாள். சொட்டு மருந்து விட்டுக் கண்மணி விரிந்ததும், அக்கா அவனைக் கேமரா முன்னால் உட்காரவைத்து, தாடையைத் தாங்கியில் வைக்கச் சொன்னாள். இடது கண் ஒழுங்காக முடிந்தது. வலது கண்ணுக்குப் போகும்போது அவள் வாய் சும்மா இருக்கவில்லை.

"எத்தனை வருஷமாக் கூப்பிடறேன். அப்பாவைப் பார்த்தும் உனக்கு உறைக்கலையா?"

"ஆரம்பிச்சுட்டியா."

"தலைவலி எதுவும் வருதா?"

"நாள் பூரா வெயில்ல கண்ணாடிக் கூண்டுல உட்கார்ந்தா யாருக்குத்தான் வராது?"

"எனக்குச் சொல்லணும்னு தோணலை இல்ல? நான் யாரோதானே."

பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. அவன் சிமிட்டினான். அவள் அவனைத் திட்டிக்கொண்டே அடுத்ததை எடுத்தாள், அப்புறம் இன்னொன்று எடுத்தாள், சிமிட்டினதை அழித்தாள். படங்களைப் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டரம்மாவுக்கு அனுப்பினாள். சனிக்கிழமைகளில் அவர் அங்கேதான். படங்களை அங்கிருந்தே பார்த்துச் சொல்வார். தலைவலி உண்டு என்று ஒரு வரியும் சேர்த்து எழுதினாள்.

டாக்டரம்மாவின் போன் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வந்தது. அதுவே நல்ல சகுனமாக இல்லை.

"உன் தம்பியா இது? தனியா இருக்கியா?"

"சொல்லுங்க டாக்டர்."

"இடது கண்ல பள்ளம் கொஞ்சம் பெரிசு, அதை அப்புறம் பேசலாம். வலது கண்ல டிஸ்க் மேல எழும்பி நிக்குது. விளிம்பெல்லாம் தெளிவாத்தான் இருக்கு, அதான் எனக்கும் குழப்பமா இருக்கு. ஆனா எழும்பி நிக்குது. தலைவலி வேற இருக்குன்னு எழுதியிருக்கே. மூளையில ஏதாவது அழுத்தினா இப்படி வீங்கும். விளையாடற விஷயமில்ல. நம்ம வேனை அங்க அனுப்பச் சொல்லிட்டேன், நேரா இங்க ஏத்திவிட்டுடு. ஸ்கேன் எடுத்துட்டு, தேவைப்பட்டா முதுகுல ஊசி போட்டு நீர் எடுப்பாங்க. நான் ஆபரேஷனுக்குள்ள போறேன், வெளிய வரக் கொஞ்சம் நேரமாகும். தாமதம் பண்ணாதே."

போன் வைக்கப்பட்டது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், காத்திருக்கும் நாற்காலி வரிசையில், தம்பி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு காலாட்டியபடி உட்கார்ந்திருந்தான். விரிந்த கண்மணிக்கு வெளிச்சம் கூசும் என்று கொடுக்கும் அட்டைக் கண்ணாடி. அதில் அவன் பொம்மலாட்டத்தில் வரும் திருடன்போல இருந்தான்.

மூளை. அந்தச் சொல்லைத் தள்ளிவைக்கப் பார்த்தாள், அது நகரவில்லை. அம்மாவிடம் என்ன சொல்வது, தம்பி மனைவியை எப்படிக் கூப்பிடுவது என்று ஓடிய மனம் நடுவில் ஒரு சொல்லில் கால் தடுக்கி நின்றது. எழும்பி நிக்குது. விளிம்பு தெளிவு, ஆனாலும் மேடு. வீங்கிய டிஸ்க்குக்கு விளிம்பு மங்கியிருக்க வேண்டும். அவள் எடுத்தனுப்பிய வீக்கங்களெல்லாம் அப்படித்தான் மங்கலாக இருந்தன.

கைகளைப் பார்த்தாள். வலது கை, கேமராவை நகர்த்தும் ஜாய்ஸ்டிக்கைப் பிடிக்கும் கை. அது என்ன செய்தது? இடது ஓரத்தில் வைத்து எடுத்தாள். அவன் சிமிட்டினான். அவள் திட்டினாள். திட்டியபடியே கை வழக்கம்போல வலப்பக்கம் நகர்ந்து ஒன்று எடுத்தது. அப்புறம் கெட்டுப்போன இடதுக்குப் பதிலாகத் திரும்பிப் போய் ஒரு இடது. அழித்தது சிமிட்டினதை மட்டும். அப்படியானால் மெஷினில் முதலாவது வலது, இரண்டாவது இடது. ஊரில் இருக்கிற அத்தனை பேரிடமும் 'அசையாதீங்க' என்றவள், தன் தம்பியிடம் மட்டும் அதைச் சொல்லவே மறந்திருந்தாள்.

அப்படித்தான் நடந்ததா, நடந்ததாக மனம் ஆசைப்படுகிறதா? படங்களைத் திரையில் கொண்டுவந்து மாற்றி மாற்றிப் பார்த்தாள். இரண்டு தட்டையான மஞ்சள் வட்டங்கள். அவளிடம் அவை எதையும் சொல்லவில்லை. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. வேன் வந்துகொண்டிருந்தது.

கதவைத் திறந்தாள். "உள்ள வா. மறுபடி எடுக்கணும்."

"ஏன், அழகா விழலையா?"

"உட்காருடா."

குரலைக் கேட்டதும் அவன் உட்கார்ந்தான். இந்தத் தடவை அவள் யாரோ ஒரு நோயாளியிடம் சொல்வதுபோலச் சொன்னாள்: பச்சைப் புள்ளியைப் பாருங்க, அசையாதீங்க. 'ங்க' போட்டதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. இடது. வலது. சிமிட்டல் இல்லை. டாக்டரம்மாவுக்கு அனுப்பிவிட்டு, பழைய ஜோடியையும் புதிய ஜோடியையும் பிரிண்ட் போட்டாள். புதியதைக் கத்தரித்து, பின்பக்கம் 'இ' என்றும் 'வ' என்றும் பேனாவால் எழுதினாள். பழையதை மெஷின் வைத்த வரிசையிலேயே விட்டாள்.

அவன் மறுபடி மாட்டியிருந்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். "என்னன்னு சொல்லு. உன் முகம் சரியில்ல."

சொன்னாள். மூளை என்றும் சொன்னாள், வேன் என்றும் சொன்னாள், தான் வரிசை மாற்றி எடுத்திருக்கலாம் என்றும் சொன்னாள். முதுகில் போடும் ஊசியை மட்டும் விழுங்கிவிட்டாள். அவன் பிரிண்டுகளைப் பார்த்தான். பிறகு, "வேற யாரு இருக்காங்க, பார்த்துச் சொல்ல?" என்றான்.

"எல்லாரும் போயாச்சு. வாட்ச்மேனுக்கு ஒரு கண்ல புரை."

"நல்ல ஆஸ்பத்திரி." அவன் கையை நீட்டினான். "கொடு இங்க."

அவளுக்கு அது தோன்றாமல் இல்லை. கேட்கத்தான் பயமாக இருந்தது. பிரிண்டுகளின் மேல் இரட்டைக் கண்ணாடியை நிறுத்தி, விளக்கை இழுத்துப் பக்கத்தில் வைத்தாள். மருந்தின் வேகத்தில் அவனுக்குக் கிட்டத்துப் பொருள் மங்கும். கண்ணாடியின் லென்ஸ் அதைச் சரிக்கட்டிவிடும். அவன் குனிந்தான். முதலில் பழைய ஜோடி.

"ரெண்டாத் தெரியுது… இரு. சேருது. ஆ, சேர்ந்துடுச்சு."

"மேடா, பள்ளமா?"

"மேடு. கவுத்து வச்ச கிண்ணம் மாதிரி. ரத்தக் குழாயெல்லாம் அது மேல ஏறிப் போகுது."

டாக்டரம்மா பார்த்ததும் அதைத்தான். அவள் புதிய ஜோடியை வைத்தாள். 'இ' இடப்பக்கம், 'வ' வலப்பக்கம். ஒரு துண்டு சாய்ந்தது. அவனே விரல் நுனியால் நேராக்கினான். அந்த நொடியில் அவளுக்கு எது வேண்டும் என்று அவளுக்கே தெரியவில்லை. மேடு என்றால் மூளை. பள்ளம் என்றால் அப்பா.

அவன் குனிந்தபடியே இருந்தான்.

"சொல்லுடா."

"பள்ளம்." நிமிர்ந்தான், முகமெல்லாம் பல். "பள்ளம்தான்க்கா. உள்ள போகுது. கப்பலோட மூடியைத் திறந்து மேலேர்ந்து பார்த்தா எப்படி இருக்கும், அப்படி. மூளையுமில்ல மண்ணுமில்ல. உன் கோளாறுதான். நல்லாப் பயம் காட்டினே போ."

அவள் சிரிக்கவில்லை. "மறுபடி பாரு. நல்லாப் பார்த்துச் சொல்லு. பள்ளத்தைச் சுத்தி விளிம்பு எவ்வளவு அகலம்?"

"அதை எதுக்கு…" என்றபடி குனிந்தான். அவன் குரல் மெல்ல வேலைக் குரலாக மாறியது, கூண்டில் உட்கார்ந்து கீழே இருப்பவர்களுக்கு ரேடியோவில் சொல்லும் குரல். "மேல் பக்கம் விளிம்பு இருக்கு, மெல்லிசா. மூக்குப் பக்கம் பரவாயில்ல. கீழ…"

"கீழ?"

"கீழ சுவர் நேரா இறங்குது. விளிம்பே இல்லக்கா. குழாய் ஒண்ணு ஓரம் வரைக்கும் வந்து, மடங்கி, காணாமப் போகுது."

கீழ் விளிம்பு முதலில் போகும் என்று டாக்டரம்மா படித்துக் காட்டும்போதெல்லாம் அவள் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள். மடங்கிக் காணாமல் போகும் குழாய் என்பதும் புதிதல்ல. எத்தனையோ பேருடைய அந்தப் பள்ளத்தை அவள் படம் பிடித்திருக்கிறாள், ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. இப்போதும் பார்க்கவில்லை.

அவன் இரட்டைக் கண்ணாடியைத் தள்ளி வைத்தான்.

"கீழ விளிம்பு இல்லேன்னா எந்தப் பார்வை போகும்?"

"மேல் பக்கம். படம் உள்ள தலைகீழா விழும், அதனால."

"மேல் பக்கம்னா பரவாயில்லையே. நான் கீழதானே பார்க்கறேன்."

"தலையைக் குனிஞ்சு பார்க்கும்போது, பெட்டியோட தொலைவில இருக்கற ஓரம்தான்டா உனக்கு மேல் பக்கம்."

அவன் கைகள் மேசைக்கு மேலே, இல்லாத கைப்பிடிகளைப் பிடிப்பதுபோல ஒருமுறை அசைந்து நின்றன. லாரி ஓரத்தில் உட்கார்ந்த பெட்டியை அவன் மறுபடி இறக்கிப் பார்க்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

"காத்துதான்னு நினைச்சேன்" என்றான். "நிஜமாவே அப்படித்தான் நினைச்சேன்க்கா."

வாசலில் வேன் வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி, "யாரு பேஷன்ட்? ஸ்ட்ரெச்சர் வேணுமா?" என்று கேட்டார். அவள் அவரை உட்காரச் சொன்னாள். வந்த வேனைத் திருப்பி அனுப்பவும் தைரியமில்லை, ஏற்றிவிடவும் மனமில்லை. ஒரு பக்கம், அவன் சொன்னது தவறாக இருந்து, உண்மையிலேயே மூளையாக இருந்தால் என்ற பயம். இன்னொரு பக்கம், அவன் ஆழத்தைத் தவறாகச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. மறுபடியும் போன் போட்டாள். இந்தத் தடவை டாக்டரம்மா எடுத்தார்.

"ஏத்திட்டியா?"

"இல்ல டாக்டர். நான் வரிசை மாத்தி எடுத்துட்டேன். வலது கண்ணுக்கு. நடுவுல சிமிட்டினான், நான் முதல்லேர்ந்து எடுக்கலை. மறுபடி ஒழுங்கா எடுத்து அனுப்பியிருக்கேன். பள்ளம்தான். கீழ் விளிம்பு இல்ல."

"யாரு பார்த்தது?"

"தம்பிதான்."

"பேஷன்டே பார்த்தானா?" விசைப்பலகை தட்டும் சத்தமும், நாற்காலி நகரும் சத்தமும் கேட்டன. அவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, தம்பியின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். ஓட்டுநர் எங்கேயோ இருமினார்.

"ஆமா" என்றார் டாக்டரம்மா. "பள்ளம். வீக்கமில்ல. பெரிய கண்டத்துலேர்ந்து சின்னக் கண்டத்துக்கு வந்திருக்கோம், அவ்வளவுதான். சின்னதுன்னு சொல்றதுக்கில்ல, ஆழமாத்தான் இருக்கு. சொட்டு மருந்து இன்னைக்கே ஆரம்பி, எழுதி அனுப்பறேன். திங்கட்கிழமை நான் நேர்ல பார்க்கறேன், ஓரப் பார்வை டெஸ்டும் எடுத்துடலாம். இருக்கறதை நிறுத்தி வைக்கலாம். போனதைப் பத்தி அவனுக்கு நீ பொய் சொல்லாதே. இன்னொண்ணு. வரிசை மாத்தினதைப் பத்தித் தனியாப் பேசணும்."

"சரி டாக்டர்."

"கிரேன் ஓட்டறவன்தானே? டெஸ்ட் முடியற வரைக்கும் மேல ஏறக் கூடாது."

போனை வைத்துவிட்டு, வேன்காரரிடம் போகலாம் என்றாள். வெறுமே வந்தாலும் அவர், ஆள் நடமாடுகிறானே அதுவே போதும் என்பதுபோலத் தம்பியின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவள் டாக்டரம்மா சொன்னதை ஒன்றுவிடாமல் தம்பியிடம் சொன்னாள். நிறுத்தி வைக்கலாம் என்பதையும், போனது வராது என்பதையும். அவன் முதலாவதற்குத் தலையை ஆட்டினான். இரண்டாவதற்கு ஆட்டவில்லை.

"சாயங்காலம் ஒரு கப்பல் வருது" என்றான். "அதுக்கு என்னைத்தான் போட்டிருக்காங்க."

"ஏறாதே."

"ஒரு கப்பல் மட்டும்."

"கீழ ஆளுங்க நிப்பாங்கடா."

அவன் போனை எடுத்துக் கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்து எண்ணைத் தேடினான். எழுத்து மங்கியதால் அவளிடம் நீட்டினான். அவள் சூப்பர்வைசரின் எண்ணை அழுத்தி அவன் காதில் வைத்தாள்.

"சார், நான்தான். இன்னைக்குக் கப்பலுக்கு வேற ஆளை ஏத்திடுங்க… இல்ல சார், காய்ச்சல் இல்ல. கண்ணு… ஆமா, காட்டிட்டேன்… இல்ல, காத்து இல்ல சார்."

அந்தப் பக்கத்தில் குரல் ஏதோ கேட்டது. அவன் போனைக் கையால் பொத்திக்கொண்டு அக்காவைப் பார்த்தான்.

"எத்தனை நாளைக்குன்னு கேக்கறாரு."

"தெரியலைன்னு சொல்லு."

அவன் கையை எடுத்தான். "தெரியலை சார்" என்றான்.